அம்மா சொன்ன ‘நான்’

அப்பாவின் நினைவாகச் சபைக்காரர்கள் ஒரு மலர் வெளியிட்டிருக்கிறார்கள். நல்ல தாள், கெட்டி அட்டை, நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அப்பா பிரசங்கம் செய்த ஊர்கள், அப்பா ஞானஸ்நானம் கொடுத்தவர்கள், அப்பா ஓட்டிய வேன் எல்லாம் இருக்கின்றன. வேனுக்கு அரைப்பக்கத்தில் கலர் படம். அம்மாவைத் தேடோ தேடென்று தேடினேன். எழுபத்தொன்பதாம் பக்கத்தில் அகப்பட்டாள்: ‘பிரசங்கங்களை மொழிபெயர்த்து உதவியவர், துணைவியார்.’ அவ்வளவுதான். வேனுக்கு அரைப்பக்கம், அம்மாவுக்கு அரைவரி.

எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம் வரும். மலரைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய், “பாத்தியாம்மா இந்த அநியாயத்த?” என்றேன். அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, பக்கம் பக்கமாகப் புரட்டி, “போட்டோல்லாம் நல்லா விழுந்திருக்கு” என்றாள். பிறகு விட்ட இடத்திலிருந்து வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்துவிட்டாள். இவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, சொல்லுங்கள்? சரி, அவர்கள் எழுதாவிட்டால் போகட்டும், நான் எழுதுகிறேன்.

அம்மாவின் அப்பா வேலை தேடி வந்த நாட்டில் பிறந்தவள் அவள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் அந்த ஊர் பாஷை. இரண்டும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கல்யாணத்துக்கு முன்னால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களை முகம் தெரியாதவர்களோடு நாள் முழுக்க இணைத்துவிடும் வேலை. “ஒயரைக் குத்திவிட்டுட்டு நாம ஒதுங்கிக்கணும். அவங்க பேசறது காதுல விழுந்தாலும் விழாத மாதிரி உக்காந்திருக்கணும். அதான் அந்த வேலை” என்பாள். அதைச் சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

அப்பா ஊழியத்துக்கென்று அந்த நாட்டுக்கு வந்தவர். இரண்டு சட்டை, ஒரு பெட்டி, ஊரையே எழுப்பும் குரல். பாஷைதான் வரவில்லை. ஆனாலும் ஆசை யாரை விட்டது? கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் மூன்று வரியையாவது நானே அந்த ஊர் பாஷையில் சொல்கிறேன் என்று மனப்பாடம் செய்துகொண்டு மேடை ஏறியிருக்கிறார். அந்தப் பாஷையில் சகோதரனுக்கும் செருப்புக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசமாம். “அன்பான செருப்புகளே! உங்களைக் காணத்தான் இத்தனை தூரம் வந்தேன்!” என்று கைகளை விரித்திருக்கிறார். அவர்கள் மரியாதை தெரிந்த ஜனங்கள். ஒருவர்கூடச் சிரிக்காமல், மெல்லக் குனிந்து தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்களாம். அன்றோடு அப்பாவின் பாஷைப் படிப்பு முடிந்தது. ‘ஆமாம்’, ‘இல்லை’, ‘நன்றி’, ‘தண்ணீர்’ என்று பத்துப் பன்னிரண்டு வார்த்தைகளோடு நின்றுவிட்டார். அடுத்த வாரமே அம்மா எக்ஸ்சேஞ்ச் வேலையை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் இன்னொரு மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த இருபத்தாறு வருஷமும் அங்கேதான் நின்றாள்.

மேடை மொழிபெயர்ப்பைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பிரசங்கியார் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். மொழிபெயர்ப்பவர் அதையே அதே வேகத்தில், அதே தொனியில் சொல்ல வேண்டும். ‘அவர் இப்படிச் சொல்கிறார்’ என்றெல்லாம் இழுக்கக் கூடாது. அவர் ‘நான்’ என்றால் இவரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பவருக்குச் சொந்தமாக ஒரு ‘நான்’ கிடையாது. அதனால் ஒல்லியாக, உயரமாக, கொண்டை போட்ட ஒரு பெண்மணி மைக்கில் நின்றுகொண்டு, “நான் மீசை முளைத்த வயதில் ஊர் சுற்றித் திரிந்தேன்” என்பாள். புது ஊராக இருந்தால் முதல் ஐந்து நிமிஷம் ஜனங்களுக்குக் குழப்பமாக இருக்கும். பிறகு பழகிவிடும். “என் மனைவி பொறுமைசாலி” என்று தன்னைப் பற்றித் தானே முகம் மாறாமல் சொல்வாள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் தங்கைக்கும் சிரிப்பை அடக்க முடியாது. அப்போது மட்டும் அம்மாவின் கண் ஒரு நொடி எங்கள் பக்கம் திரும்பும். அந்தப் பார்வைக்கே நாங்கள் கப்சிப்.

இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள் நாங்கள் மட்டும் என்பதால், அம்மா செய்யும் தில்லுமுல்லும் எங்களுக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவுக்குத் தாமதமாக வருகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். பிரசங்கத்தின் நடுவிலேயே, “கடவுள் வீட்டுக்கு வரதுக்கு இதான் நேரமா? கல்யாண வீடுன்னா முதல் பந்திக்கு வந்து நிப்பீங்க!” என்று வெடிப்பார். அம்மா அதே ஆவேசத்தோடு, விரலை அதே மாதிரி நீட்டி, அந்த ஊர் பாஷையில், “வாருங்கள், முன்னால் இடம் இருக்கிறது, அமைதியாக வந்து உட்காருங்கள்!” என்பாள். வந்தவர்கள் சிரித்த முகத்தோடு வந்து உட்காருவார்கள். “இந்த ஊர் ஜனங்களப் பாத்தியா? எவ்வளவு திட்டினாலும் எவ்வளவு பணிவா ஏத்துக்கறாங்க!” என்று திரும்பும் வழியில் அப்பா ஆச்சரியப்படுவார். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவாள்.

வீடு என்று எங்களுக்கு ஒன்று கிடையாது. அந்த வேன்தான் வீடு. பின்னால் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, மைக் ஸ்டாண்டு, சுருட்டிய மெத்தைகள், ஒற்றை அடுப்பு, எங்கள் பாடப் புத்தகங்கள் அடங்கிய தகரப் பெட்டி. பெட்ரோலும் ஈரத்துணியும் ஆரஞ்சுத் தோலும் கலந்த ஒரு வாசனை அதில் எப்போதும் இருக்கும். இன்றைக்கும் ஆரஞ்சு உரிக்கும்போது எனக்கு அந்த வேன் ஞாபகம் வரும். அப்பா ஓட்டிக்கொண்டே பாடுவார். சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கேட்டால், “இது செகண்ட் வாய்ஸ், உங்களுக்குப் புரியாது” என்று சமாளிப்பார். அம்மா முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து எங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பாள். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைப் படித்தது ஒரு நீளமான பாலத்தின் மேல்தான். இப்போதும் பதிமூணேழு தொண்ணூத்தொண்ணு என்றால் எனக்குக் கீழே தண்ணீர் தெரிகிறது.

போகிற ஊரில் சபையின் பின்னறை கிடைக்கும், இல்லாவிட்டால் ஞாயிறு பள்ளி நடக்கும் வகுப்பறை. குட்டி பெஞ்சுகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டுப் படுப்போம். சுவரெல்லாம் பிள்ளைகள் வரைந்த படகும் மீனும் ஆட்டுக்குட்டியும் இருக்கும். தங்கைக்கு நாங்கள் வைத்த பெயர் சில்வண்டு. வாயைத் திறந்தால் மூட மாட்டாள். காலையில் கண் விழித்ததும், “இது எந்த ஊரு? இது எந்த ஊரு?” என்று அழ ஆரம்பித்துவிடுவாள். அதற்கு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். நீலப் பூப்போட்ட ஒரு ஜன்னல் சீலையைத் தைத்து வைத்துக்கொண்டாள். எந்த ஊருக்குப் போனாலும், பெட்டியைப் பிரிப்பதற்கு முன், அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன், எந்த ஜன்னல் கிடைத்ததோ அதில் அந்தச் சீலையை இரண்டு குண்டூசியால் குத்திவிடுவாள். கண் விழித்தால் அதே நீலப் பூ. சில்வண்டின் அழுகை நின்றது. ஊர்தான் மாறிக்கொண்டே இருந்தது, ஜன்னல் ஒன்றுதான்.

அம்மாவின் பக்தி மேடையில் பார்க்கிற பக்தி இல்லை. மேடையில் அவள் அப்பாவின் வார்த்தையைத்தானே சொன்னாள்? அவளுடைய ஜெபம் துணி துவைக்கும் இடத்தில் நடக்கும். சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டே முணுமுணுப்பாள். “ஆண்டவரே, அந்த கிளட்ச் இன்னும் ரெண்டு நாள் தாங்காது, உமக்கே தெரியும். சின்னவளுக்கு இருமல் நிக்கல. நான் எத்தன தடவதான் சொல்றது?” என்று, பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடுவது போல இருக்கும். இருமல் நின்றுவிட்டால் மறுநாள் அதே இடத்தில், “சரி, தேங்க்ஸ்” என்பாள். எனக்குக் கடவுள் நம்பிக்கை கொஞ்சமாவது ஒட்டியிருக்கிறது என்றால் அது அந்தச் சோப்பு நுரையில் ஒட்டியதுதான். அப்பாவின் பிரசங்கத்தில் இல்லை. இதை மலரில் போடுவார்களா?

அப்பாவின் ஜெபத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஊழியக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சொல்லாமலே புரியும். எங்கள் வீட்டில் ‘ஜெபம் பண்ணுவோம்’ என்றால் ‘முடியாது’ என்று அர்த்தம். “அப்பா, ஒரு பூனை வளக்கலாமா?” “ஜெபம் பண்ணுவோம்மா.” பூனை கிடையாது. “அப்பா, ஸ்கூல்ல சேத்து விடுங்களேன், எல்லாப் பிள்ளைங்க மாதிரியும்?” “ஜெபம் பண்ணுவோம்.” ஸ்கூல் கிடையாது. ஒரு வெயில் மத்தியானம் ஐஸ்கிரீம் கடை வாசலில் வேன் நின்றபோது சில்வண்டு கையெடுத்துக் கும்பிட்டு, “அப்பா, ப்ளீஸ், ஜெபம் பண்ணாம வாங்கிக் குடுங்கப்பா!” என்று கெஞ்சினாள். அப்பா ஸ்டீயரிங்கில் தலையை வைத்து வயிறு குலுங்கச் சிரித்தார், நாலு பேருக்கும் வாங்கிக் கொடுத்தார். அப்பா கெட்டவர் இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப் போவதைக் கேட்டு நீங்கள் அவரைத் திட்டக்கூடும்.

எனக்குப் பதினொன்று, தங்கைக்கு ஏழு வயது இருக்கும்போது அம்மாவுக்கு மூன்றாவது. ஏழாம் மாதம். ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு சின்ன ஊரில் வலி கண்டுவிட்டது. எங்களுக்கு இன்றுவரை அது ‘ஆஸ்பத்திரி ஊர்’தான். தம்பி பிறந்தான். காலையில் பிறந்தவன் சாயங்காலம் வரைக்கும்தான் இருந்தான். அம்மாவுக்குக் காய்ச்சலும் மயக்கமுமாக நினைவே இல்லை. அவனை ஒரு தரம்கூடத் தூக்கவில்லை, பார்க்கவும் இல்லை. மறுநாள் காலை, அந்த ஊர்ச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் அப்பாவும் சபைக்காரர் இரண்டு பேருமாகக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். அம்மாவுக்கு நினைவு தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சனிக்கிழமை டிஸ்சார்ஜ். ஞாயிற்றுக்கிழமை அடுத்த ஊரில் கூட்டம், ஆறு மாதத்துக்கு முன்னாலேயே ஒத்துக்கொண்டது. அம்மா பின் சீட்டு மெத்தையில் படுத்துக்கொண்டு, “என்னங்க, ரெண்டு நாள் இங்க இருந்துட்டுப் போலாமா? கல்லறைக்கு ஒரு தடவ போயிட்டு…” என்றாள். அப்பா அவள் பக்கம் திரும்பவில்லை. “ஜெபம் பண்ணுவோம்மா” என்று சொல்லிச் சாவியைத் திருப்பினார். வேன் கிளம்பிவிட்டது. அன்று தங்கிய வீட்டின் குளியலறையில் அம்மா குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். நான் கதவுக்கு வெளியே துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா சபைக்குள் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்கும் துக்கம் இல்லாமல் இல்லை. அதை எங்களோடு பேச அவருக்குத் தெரியவில்லை. மேடையில்தான் அவருக்கு வாய் வரும், மேடையில்தான் அழுகையும் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிட்டார். “எங்க பிள்ளைய மண்ணுல வெச்சிட்டு இந்த மேடையில வந்து நிக்கிறோம். என் மனைவி ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. ‘வாங்க, ஊழியம் நிக்கக் கூடாது’ன்னு அவதான் சொன்னா!” அம்மா ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒயரைக் குத்திவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். “என் மனைவி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை” என்று அந்த ஊர் பாஷையில் சொன்னாள். கூட்டமே விம்மி அழுதது.

அதோடு விட்டாரா? அது பிரசங்கத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. ஒரு ஊர் இல்லை, இரண்டு ஊர் இல்லை, அடுத்த ஏழு மாதமும் போன ஊரிலெல்லாம் சொன்னார். அவர் அதை நம்பித்தான் சொன்னார், பொய் சொல்கிற ஆள் அவர் இல்லை. அவர் எதிரில் அம்மா அழவில்லைதான். ‘வாங்க போகலாம்’ என்று எப்போது சொன்னாள் என்று கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது. திரும்பத் திரும்பச் சொன்னதில் அதுவே நடந்ததாகிவிட்டது. கூட்டம் முடிந்ததும் பெண்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களை மாதிரி விசுவாசம் எங்களுக்கெல்லாம் வருமா!” என்பார்கள். அம்மா தலையை ஆட்டுவாள். துணி துவைக்கும்போது அவள் ஆண்டவரோடு சண்டை போடுவது நின்றுபோயிருந்தது. சும்மா தேய்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஏழாம் மாத முடிவில் ஒரு பெரிய ஊருக்கு வந்து சேர்ந்தோம். ஞாயிறு காலை ஆராதனை. அது முடிந்ததும் மலைத்தொடரைத் தாண்டி அந்தப் பக்கம் போவதாகத் திட்டம். தாண்டிவிட்டால் திரும்ப ஒரு வருஷமாகும். சனிக்கிழமை பின்னறையில் அம்மா அப்பாவின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். “என்னங்க, இங்கேருந்து ஆஸ்பத்திரி ஊரு அரை நாள் தூரம்தான். மேப்புல பாத்தேன். நாளைக்கு ஆராதனை முடிஞ்சு கிளம்பினா சாயங்காலத்துக்குள்ள போயிடலாம். ரெண்டே நாள். அப்புறம் நீங்க எங்க கூப்பிட்டாலும் வரேன்.”

“திங்கக்கிழமை அந்தப் பக்கம் கூட்டம் ஒத்துக்கிட்டாச்சேம்மா. ஜனங்க காத்திருப்பாங்க இல்ல?” என்றார் அப்பா. குறிப்பு நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, அவள் முகத்தைப் பார்த்தார். “சரி, ஜெபம் பண்ணுவோம்” என்றார்.

நானும் சில்வண்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்பாவின் நோட்டைப் பிடுங்கிக் கிழித்துப்போட வேண்டும் போல இருந்தது. அம்மா சட்டையின் ஒரே கையை மூன்று தடவை இஸ்திரி போட்டாள்.

மறுநாள் காலை. உயரமான ஜன்னல்கள் வைத்த பெரிய ஆலயம், முந்நூறு பேருக்குக் குறையாது. அப்பா நன்றாகப் பேசினார், சும்மா சொல்லக் கூடாது. அம்மா அவரோடு மூச்சு பிசகாமல் போய்க்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம் ஆனதும் அப்பாவின் குரல் தாழ்ந்தது. எனக்குத் தெரியும், இப்போது அது வரும்.

“ஏழு மாசத்துக்கு முன்னால எங்க பிள்ளைய மண்ணுல வெச்சோம்” என்றார் அப்பா.

“ஏழு மாதத்துக்கு முன்னால் என் பிள்ளையை மண்ணில் வைத்தேன்” என்றாள் அம்மா.

“என் மனைவி ஒரு சொட்டுக் கண்ணீர் விடல.”

அம்மா மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். அவளுக்கு வார்த்தை அகப்படவில்லை என்று நினைத்து அப்பா இன்னொரு தரம் சொன்னார். “என் மனைவி, ஒரு சொட்டுக் கண்ணீர் விடல.”

“என் மனைவி அழுதாள்” என்றாள் அம்மா, அந்த ஊர் பாஷையில். “குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். நான் பார்க்கவில்லை.”

சில்வண்டு என் கையை நகம் பதியப் பிடித்தாள். அப்பாவுக்கு என்ன தெரியும் பாவம். தொடர்ந்தார். “‘வாங்க, ஊழியம் நிக்கக் கூடாது’ன்னு அவதான் சொன்னா!”

“‘இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாமா’ என்று அவள் கேட்டாள். நான் ஜெபம் பண்ணுவோம் என்றேன். வண்டியை எடுத்துவிட்டேன்.”

“அந்த மாதிரி ஒரு துணையக் குடுத்ததுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்றேன்.”

“அந்தப் பிள்ளையை நான் தூக்கினேன். அவள் தூக்கவில்லை. அவன் எப்படி இருந்தான் என்று அவளுக்குத் தெரியாது. நேற்றும் கேட்டாள். நேற்றும் நான் ஜெபம் பண்ணுவோம் என்றேன்.”

முந்நூறு பேரில் ஒருவர்கூட அசையவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் கேட்கும் விம்மல் இல்லை. எல்லாரும் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு ஏதோ தட்டியிருக்க வேண்டும். அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுத்த வாக்கியத்துக்காக எப்போதும் போலக் காத்துக்கொண்டிருந்தாள். அப்பா சீக்கிரமே ஆமென் சொல்லி முடித்துவிட்டார்.

வாசலில் நின்று எல்லாரோடும் கைகுலுக்குவது வழக்கம். முதல் ஆளாக வந்தவர், எல்லாரையும் இடம் பார்த்து உட்காரவைக்கும் பெரியவர். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று முந்தின நாளே அறிமுகமாகியிருந்தார். கன்னமெல்லாம் ஈரம். அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த ஊர் பாஷையில் ஏதோ சொன்னார்.

“என்ன சொல்றாரு?” என்று கேட்டார் அப்பா.

அம்மா பெரியவரின் முகத்தையே பார்த்தாள். ‘பிரசங்கம் நன்றாக இருந்தது என்கிறார்’ என்று சொல்லிவிட்டால் போதும். எல்லாம் அப்படியே மூடிப்போகும், மத்தியானம் மலைப்பாதையில் ஏறிவிடுவோம். ஆயிரம் தடவை இந்த மாதிரி மாற்றிச் சொன்னவள்தானே? வாய் மூடாத சில்வண்டுகூட வாய் மூடி நின்றாள்.

“‘தன் தப்ப இப்படி சபை முன்னால ஒத்துக்கிட்ட ஊழியக்காரர நான் பாத்ததே இல்ல’ங்கறாரு” என்றாள் அம்மா. “‘உங்க மனைவிக்கு அந்த ரெண்டு நாள் கெடச்சுதா’ன்னு கேக்கறாரு.”

“எந்த ரெண்டு நாள்? என்ன தப்பு?”

“நீங்க மேடையில சொன்னது.”

“நான் எங்க சொன்னேன்?”

“நீங்க சொல்லல. நான் சொன்னேன். ‘நான்’னு சொன்னேன்.”

பெரியவர் கையை விடவில்லை. அவருக்கு ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா மேடையில் சொன்னதையெல்லாம், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், அப்பாவுக்குத் தமிழில் மொழிபெயர்த்தாள். ‘என் மனைவி அழுதாள், நான் பார்க்கவில்லை’ என்று அவரிடமே சொன்னாள். அவள் குரல் மேடைக் குரலாகவே இருந்தது. கண்ணில் மட்டும் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. அப்பாவின் முகத்தை நான் அப்படி அதற்கு முன் பார்த்ததில்லை. அடி வாங்கிய பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் நான் நடுவில் பாய்ந்துவிடுவது என்று முஷ்டியை மடக்கி வைத்திருந்தேன். அப்பா பெரியவர் பக்கம் திரும்பினார். அவர் கேட்ட கேள்விக்கு, அம்மாவின் உதவி இல்லாமல், தனக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு வார்த்தையில் ஒன்றை எடுத்து, தானே பதில் சொன்னார்.

“இல்லை” என்றார், அந்த ஊர் பாஷையில். பிறகு இன்னொரு தரம், “இல்லை.”

ஆலய அலுவலகத்தில் போன் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கத்துச் சபைக்கு அம்மாதான் பேச வேண்டியிருந்தது. “வியாழக்கிழமைதான் வருவோம்னு சொல்லு” என்றார் அப்பா. சொன்னாள். “என்ன காரணம்னு கேக்கறாங்க” என்றாள், ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு.

“என் மனைவி கேட்டான்னு சொல்லு.”

அம்மா ரிசீவரிலிருந்து கையை எடுத்தாள். “என் மனைவி கேட்டாள்” என்று போனில் சொன்னாள். அந்தப் பக்கத்தில் இருந்தவருக்கு, ஒரு பெண் குரல் அப்படிச் சொன்னது என்னவென்று விளங்கியதோ இல்லையோ, ‘சரி’ என்று வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரி ஊருக்குப் போகும் வழி முழுக்க அப்பா பாடவில்லை. சபைக்காரர் ஒருவர் வீட்டில் தங்கிவிட்டு, திங்கள் காலை கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மதிலோரம், கடைசி வரிசை. சின்ன மேடு, ஒரு கைக்குள் அடங்குகிற கல். பெயர் வைப்பதற்கு முன்னாலேயே போய்விட்டதால் தேதி மட்டும் இருந்தது. அம்மா மண்டியிட்டு உட்கார்ந்து, கல்லைச் சுற்றி முளைத்திருந்த புல்லைப் பிடுங்க ஆரம்பித்தாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணை மூடி, “அன்பின் பரலோகப் பிதாவே” என்று தொடங்கினார்.

“ஜெபம் அப்புறம் பண்ணிக்கலாங்க” என்றாள் அம்மா. “வந்து உக்காருங்க. அவன் எப்படி இருந்தான்? நீங்கதானே பாத்தீங்க.”

ஏழு மாதம், அத்தனை ஊர், அத்தனை ஆயிரம் பேர். அதை மட்டும் அவர் யாருக்கும் சொன்னதில்லை. அவளுக்கும் சொன்னதில்லை. அப்பா கண்ணைத் திறந்தார். நல்ல பேன்ட் மண்ணாவதைப் பொருட்படுத்தாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பேசியபோது அது மேடைக் குரலாக இல்லை, எனக்கே பக்கத்தில் போனால்தான் கேட்டது.

“தலை நெறய முடி” என்றார். “கறுகறுன்னு. மூக்கு உன் மூக்குதான். சிணுங்கினானே தவிர கத்தல. ஒரு கைய மட்டும் இறுக்கி மூடியே வெச்சிருந்தான். நான் மெதுவா பிரிச்சுப் பாத்தேன். என் விரலப் புடிச்சுக்கிட்டு மறுபடி மூடிக்கிட்டான். விடவே இல்ல.”

அம்மா புல் பிடுங்குவதை நிறுத்தினாள்.

“எந்தக் கை?” என்று கேட்டாள்.